42 தங்கல்கள்: பாலைவனப் பயணத்தை யூத உரையாசிரியர்கள் வாசித்த விதம்

எண்ணாகமத்தின் 33ஆம் அதிகாரத்தை விருப்பத்தோடு வாசித்தவர்கள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். மோசேயின் தலைமையில் எகிப்தின் அடிமைத்தனத்தை விட்டு வெளியேறிய இஸ்ரவேலர் ராமசேசிலிருந்து புறப்பட்டுச் சுக்கோத்தில் பாளயமிறங்கினார்கள், சுக்கோத்திலிருந்து புறப்பட்டு ஏத்தாமில் பாளயமிறங்கினார்கள் என்று ஒரே அச்சில் வார்த்தாற்போல வசனங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இடையிடையே ஏலிமில் 12 நீரூற்றுகளும் 70 பேரீச்சமரங்களும் இருந்தன, ரெவிதீமில் குடிக்கத் தண்ணீர் இல்லை, ஓர் என்னும் மலையில் மோசேயின் அண்ணன் ஆரோன் 123ஆம் வயதில் இறந்தார் என்பன போன்ற ஓரிரு குறிப்புகள் தலைகாட்டும், மற்றபடி ஊர்ப்பெயர்கள்தான். இதில் இன்னொரு வியப்பும் உண்டு. வேதத்தையே பெற்றுக்கொண்ட சீனாய்கூட இந்தப் பட்டியலில் வெறும் ஒரு பெயராகவே கடந்து போகிறது. அங்கே என்ன நடந்தது என்று ஒரு சொல்லும் இல்லை.

பெரும்பாலான வாசகர்கள் விரைந்து தாண்டிச் செல்லும் இந்த இடத்தில்தான் யூத உரையாசிரியர்கள் நின்றுவிடுகிறார்கள். பயணம் முடிந்து, யோர்தானின் கரையில், எரிகோவுக்கு எதிரே கூடாரமடித்துவிட்ட பிறகு, கடந்து வந்த 42 தங்குமிடங்களையும் ஒன்றுவிடாமல் எழுதி வைக்கவேண்டிய தேவை என்ன என்று அவர்கள் கேட்கிறார்கள். யூத மரபில் உரை என்பது என்ன, அது எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவருக்கு இந்தக் கேள்வியைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. செங்கடல் பிளந்ததைப் பற்றி யாரும் பேசலாம். ஊர்ப்பெயர்ப் பட்டியலைப் பேச வைப்பதற்குத்தான் உரையாசிரியர் வேண்டும்.

தமிழ் வாசகர்களில் பலர் இந்தக் கதைகளைக் கிறிஸ்தவ வேதாகமத்தின் வழியாக அறிந்திருப்பதால், முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்களைத்தான் யூதர்கள் தோரா என்று அழைக்கிறார்கள். அவற்றில் நான்காவது நூலுக்குத் தமிழில் எண்ணாகமம் என்று பெயர். அதில் இருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்படுவதால் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு வைத்த பெயர் இப்படி வழிவழியாக வந்திருக்கிறது. எபிரேயத்திலோ அதன் பெயர் 'பமித்பார்', அதாவது 'பாலைவனத்தில்'. நூலின் தொடக்க வசனத்தில் வரும் ஒரு சொல்லையே பெயராக்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். ஒரே நூலை ஒரு மரபு எண்ணிக்கையாகவும் இன்னொரு மரபு இடமாகவும் நினைவில் வைத்திருக்கிறது என்பது சிறிய வேறுபாடு அன்று.

மூலத்தை உரையோடு சேர்த்தே வாசிக்கும் பழக்கம் நமக்கு அன்னியமானதில்லை என்பதால், யூதர்களின் உரைப் பதிப்பு ஒன்றைத் திறந்து பார்த்தால் அதன் அமைப்பு உடனே பிடிபட்டுவிடும். பக்கத்தின் மேற்பகுதியில் பெரிய எழுத்தில் சில வசனங்கள் இருக்கும். அவற்றை அடுத்துப் பழைய அரமாயிக் மொழிபெயர்ப்பும், சுற்றிலும் கீழுமாக வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்தவர்களின் உரைகளும் சிறிய எழுத்தில் நெருக்கமாக நிறைந்திருக்கும். இவ்வகைப் பதிப்பை 'மிக்ராஓத் கெதோலோத்' என்பார்கள். 1517இல் வெனிஸ் நகரில் அதை முதலில் அச்சிட்டு வெளியிட்ட டேனியல் பாம்பெர்க் ஒரு கிறிஸ்தவர் என்பது சுவையான செய்தி. இந்தப் பக்கத்தில் 11ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரரும் 12ஆம் நூற்றாண்டு ஸ்பானியரும் ஒரே வசனத்தின் இருபுறமும் அமர்ந்து ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டிருப்பார்கள். பதிப்பாளர் தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை. உரைகளுக்கும் முந்திய அடுக்கு ஒன்று உண்டு. கி.பி. 200 அளவில் உருவான சட்டத் தொகுப்பான மிஷ்னா, அதன்மேல் எழுந்த பெரும் விவாதத் தொகுப்பான தல்மூத், வசனங்களின் இடைவெளிகளைக் கதையாலும் உவமையாலும் நிரப்பும் மித்ராஷ் ஆகியவையே அது. இடைக்கால உரையாசிரியர்கள் இவற்றிலிருந்து எடுத்தும் விடுத்தும்தான் எழுதுகிறார்கள்.

தோராவில் ஓர் எழுத்துகூட வீணாக இல்லை என்பதே இவர்கள் அனைவருக்கும் பொதுவான நம்பிக்கை. அப்படியானால் ஒரு முழு அதிகாரம் எப்படி வீணாக இருக்க முடியும்?

முதல் விடையை ராஷியிடம் கேட்கலாம். பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த இவர் (1040–1105), யூதக் குழந்தைகள் தோராவோடு சேர்த்தே கற்றுக்கொள்ளும் உரையை எழுதியவர். பட்டியல் எதற்கு என்ற கேள்விக்கு, தமக்கு முன்னிருந்த மோசே ஹதர்ஷான் என்ற ஆசிரியரின் விடையை அவர் எடுத்துத் தருகிறார். அது ஒரு கணக்கு. மொத்தத் தங்கல்கள் 42. இவற்றில் 14, எகிப்தை விட்ட முதல் ஆண்டிலேயே, அலைந்து திரியவேண்டும் என்ற தண்டனை விதிக்கப்படுவதற்கு முன்பே கடந்தவை. இன்னும் 8, ஆரோன் இறந்த பிறகு, 40ஆம் ஆண்டில் கடந்தவை. இவை இரண்டையும் கழித்தால், இடைப்பட்ட 38 ஆண்டுகளில் அவர்கள் இடம்பெயர்ந்தது 20 முறைதான். கடவுள் அவர்களை ஓய்வு ஒழிச்சலின்றி நாற்பது ஆண்டுகள் துரத்திக்கொண்டே இருந்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பட்டியல். தண்டனைக்குள்ளும் இருந்த கருணையின் கணக்கு இது என்கிறார் ராஷி. இன்னோரிடத்தில், பழைய காலக்கணிப்பு ஒன்றைப் பின்பற்றி, அந்த 38 ஆண்டுகளில் பாதியை, அதாவது 19 ஆண்டுகளை, காதேசிலேயே கழித்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். பாலைவனம் என்றதும் நம் மனத்தில் ஓடும், மணலில் தள்ளாடி நடந்துகொண்டே இருக்கும் கூட்டத்தின் படம் இந்தக் கழித்தல் கணக்கில் கலைந்துவிடுகிறது. ஒரே இடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் தங்கினால் அங்கே பிறந்த குழந்தைக்குத் திருமணமே நடந்திருக்கும்.

கணக்கோடு ராஷி நிறுத்திக்கொள்வதில்லை. பழங்கால யூத மத ஆசிரியரான ரபி தன்ஹூமாவின் பெயரால் வழங்கும் உவமை ஒன்றையும் சேர்க்கிறார். ஓர் அரசனின் மகனுக்கு நோய் கண்டது. அவனைக் குணப்படுத்தத் தொலைதூரத்துக்கு அழைத்துச் சென்றான் அரசன். நலமாகி இருவரும் வீடு திரும்பும்போது, வந்த வழியின் ஒவ்வோர் இடத்தையும் தகப்பன் மகனுக்குக் காட்டிக்கொண்டே வந்தானாம்: இங்கேதான் நாம் தூங்கினோம், இங்கேதான் நமக்குக் குளிர் பிடித்தது, இங்கேதான் உனக்குத் தலைவலி வந்தது. உவமை அவ்வளவுதான். ஆனால் இதைப் படித்துவிட்டு 33ஆம் அதிகாரத்துக்குத் திரும்பினால், அது ஆவணக்காப்பகத்தின் குரலில் ஒலிப்பதில்லை. பிள்ளையின் காய்ச்சலை அவனைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கும் ஒரு தகப்பனின் குரலில் ஒலிக்கிறது. மூலத்தில் ஒரு சொல்லையும் மாற்றாமல் அதன் தொனியை மாற்றிவிடுவதுதான் நல்ல உரையின் ஆற்றல் என்றால், இதைவிடச் சிறந்த சான்று வேறு இருக்குமா என்பது ஐயமே.

அதே கேள்விக்கு ராம்பாம் சொல்லும் விடையில் தகப்பனும் இல்லை, உவமையும் இல்லை. மேற்குலகம் மைமோனிடஸ் என்று அறியும் இவர் (1138–1204) ஸ்பெயினில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த மருத்துவர், தத்துவவாதி. நேரில் கண்டவர்களுக்கு அற்புதம் அற்புதமாகவே இருக்கும். ஆனால் காலப்போக்கில் அது வெறும் செய்தியாகிவிடும், கேட்பவன் மறுத்துவிடக்கூடும் என்பது அவர் கவலை. இத்தனை பேர் நாற்பது ஆண்டுகள் பாலையில் உயிரோடிருந்தார்கள் என்று பின்வரும் தலைமுறைக்குச் சொன்னால், அது ஊர்களை ஒட்டிய பாலையாக இருந்திருக்கும், உழுது விதைக்கவோ கிணறு தோண்டவோ முடிந்திருக்கும் என்று அவர்கள் எளிதாக விளக்கிவிடுவார்கள். அதனால்தான் இடங்களின் பெயர்கள் எழுதி வைக்கப்பட்டன. ஐயமுள்ளவர் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். அந்த மக்கள் வழிதவறிச் சுற்றினார்கள் என்று அராபியர்கள் அந்நிலத்துக்கு 'அலைச்சலின் பாலை' என்று பெயரிட்டிருப்பதையும் குறிப்பிட்டு, வரிசை தவறாத இந்தப் பட்டியலே அதற்கு மறுப்பு என்கிறார். அவர்கள் தொலைந்துபோகவில்லை, நடத்திச் செல்லப்பட்டார்கள் என்பது அவர் வாதம்.

இங்கே புதிதாக வாசிப்பவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ராஷி சொல்வது சரியா, ராம்பாம் சொல்வது சரியா என்று கேட்கத் தோன்றும். மரபு அப்படிக் கேட்பதில்லை. தோராவுக்கு எழுபது முகங்கள் என்பது மித்ராஷில் வரும் பழமொழி. ஒரு விடை இன்னொன்றை வெளியேற்றுவதில்லை. சட்டம் சார்ந்த இடங்களில் மட்டுமே முடிவு வேண்டும். எந்த மிருகத்தை உண்ணலாம் என்பதில் இரண்டு விடைகள் இருக்க முடியாது. கதை சார்ந்த இடங்களில் கதவு திறந்தே இருக்கிறது.

அந்தத் திறந்த கதவு வழியாக 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் சாம்சன் ரபாயேல் ஹிர்ஷ் (1808–1888) வருகிறார். அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் ஒரு சிறிய முரணை அவர் கண்டுபிடிக்கிறார். மோசே எழுதியது 'அவர்கள் புறப்பாடுகளை, பயணங்களின்படி' என்று தொடங்கும் வசனம், முடியும்போது 'இவையே அவர்கள் பயணங்கள், புறப்பாடுகளின்படி' என்று சொற்களை இடம் மாற்றிவிடுகிறது. மொழிபெயர்ப்பில் இது கண்ணில் படுவதே அரிது. ஆனால் ஓர் எழுத்தும் வீணில்லை என்று நம்புகிறவருக்கு இரண்டு சொற்கள் தலைகீழாவது பெரிய நிகழ்ச்சி. கடவுளின் பார்வையில் ஒவ்வொரு புறப்பாடும் முன்னேறிச் செல்வதற்கானது. அடுத்த இடத்தில் ஏதோ ஒன்று காத்திருந்தது. மக்களின் பார்வையிலோ ஒவ்வொரு பயணமும் இருக்கும் இடத்தை விட்டுத் தொலைவதற்கானது. எங்கே போனால் என்ன, இங்கிருந்து போனால் போதும். நடந்தது ஒரே நடை. வசனத்தின் முதற்பாதியில் அதைக் கடவுள் பார்க்கிறார், பிற்பாதியில் மக்கள் பார்க்கிறார்கள் என்பது ஹிர்ஷின் விளக்கம்.

18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் ஹசிதியம் என்ற யூத ஆன்மிக இயக்கத்தைத் தொடங்கிய பாஅல் ஷேம் தோவ் இன்னும் ஒரு படி உள்ளே போகிறார். அவருடைய பேரன் பதிவு செய்துவைத்திருக்கும் போதனை இது: இந்த 42 தங்கல்களும் ஒவ்வொரு மனிதனின் வாழ்விலும் பிறப்பு முதல் இறப்பு வரை நிகழ்கின்றன. தாயின் வயிற்றை விட்டு வெளிவருவதுதான் எகிப்திலிருந்து புறப்படுவது. பிறகு கட்டம் கட்டமாக நடந்து மேலான நாட்டை அடைகிறோம். இவ்வகை வாசிப்பில் எளிதாகச் சறுக்கவும் கூடும் என்று எனக்குத் தோன்றும். எந்தப் பட்டியலையும் வாழ்க்கைக்கு உருவகமாக்கிவிடலாம். இருந்தாலும், மாராவில் தண்ணீர் கசந்ததையும் அடுத்த தங்கலிலேயே பேரீச்ச நிழல் கிடைத்ததையும் அப்படியே தன் வாழ்வில் வைத்துப் பார்த்த ஏழை யூதனுக்கு அது என்ன செய்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

பட்டியலிலிருந்து பயணத்துக்கு வருவோம். தோராவின் ஐந்தாவது நூலான உபாகமத்தின் தொடக்கத்தில் ஒரு வசனம் ஏதோ வழிகாட்டிப் பலகைபோலச் செருகப்பட்டிருக்கிறது: ஓரேபிலிருந்து (சீனாய்க்கு இன்னொரு பெயர்) சேயீர் மலை வழியாகக் காதேஸ் பர்னேயாவுக்குப் பதினொரு நாள் பயணம். அதற்கு அடுத்த வசனம், 'நாற்பதாம் ஆண்டு, பதினோராம் மாதம்' என்று தொடங்குகிறது. பதினொரு நாள் தூரத்துக்கும் நாற்பது ஆண்டுகளுக்கும் நடுவே என்ன நடந்தது என்று மூலம் இந்த இடத்தில் சொல்வதில்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. அது வேவுகாரர்களை நினைவூட்டும் கண்டிப்பு என்று ராஷி விளக்குகிறார். கானானைப் பார்த்துவர அனுப்பப்பட்ட பன்னிருவரில் பதின்மர், அந்நாட்டார் முன் நாங்கள் வெட்டுக்கிளிகள்போல இருந்தோம் என்று வந்து சொல்ல, மக்கள் இரவெல்லாம் அழுதார்கள். நாற்பது நாள் வேவு பார்த்ததற்கு நாளுக்கு ஓர் ஆண்டாக நாற்பது ஆண்டுகள், இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் பாலையிலேயே மடியவேண்டும் என்பது தீர்ப்பு.

அந்த அழுகையின் இரவு, யூத நாட்காட்டியின் ஆவ் மாதத்தின் ஒன்பதாம் நாள் என்று தல்மூத் கணக்கிடுகிறது. நீங்கள் காரணமின்றி அழுதீர்கள், தலைமுறை தலைமுறையாக அழுவதற்கு அந்த நாளையே நான் குறித்துவைப்பேன் என்று கடவுள் சொன்னதாக அது சொல்லும். எருசலேமின் முதல் ஆலயமும், கி.பி. 70இல் ரோமரால் இரண்டாம் ஆலயமும் அழிந்த நாளாக யூதர்கள் உண்ணாமல் தரையில் அமர்ந்து துக்கம் காக்கும் நாள் அதுதான். தல்மூதும் மித்ராஷும் இதைத் தொடர்ந்து ஒரு காட்சியையும் வரைகின்றன. ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளுக்கு முன்மாலையில், வெளியே போய்க் குழி தோண்டுங்கள் என்று பாளயமெங்கும் அறிவிப்பு எழும். ஆளுக்கொரு குழி தோண்டி அதிலேயே படுத்துக்கொள்வார்கள். விடிந்ததும், உயிரோடிருப்பவர்கள் எழுந்து பிரிந்து வாருங்கள் என்று குரல் வரும்; எழுந்து எண்ணிப் பார்த்தால் 15,000 பேர் குறைந்திருப்பார்கள். கடைசி ஆண்டில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நாள் கணக்கில் பிழையோ என்று நினைத்து மறுநாள் இரவும் போய்ப் படுத்தார்கள், அதற்கு மறுநாளும். பதினைந்தாம் நாள் முழுநிலவைப் பார்த்த பிறகுதான் தண்டனை முடிந்துவிட்டது என்று நம்பினார்கள். ஆவ் மாதப் பௌர்ணமி மகிழ்ச்சிக்குரிய நாளாக இருப்பதற்குத் தல்மூத் கூறும் காரணங்களில் இதுவும் ஒன்று.

நாற்பது ஆண்டுகள் உண்மையிலேயே தண்டனைதானா என்பதில் உரையாசிரியர்களுக்குள் ஒரு மெல்லிய பிளவு உண்டு. செங்கடற்கரையில் எகிப்தின் படை துரத்தி வந்தபோது ஆறு லட்சம் ஆண்கள் ஏன் திரும்பி நின்று போரிடவில்லை என்று 12ஆம் நூற்றாண்டு ஸ்பானிய அறிஞர் ஆபிரகாம் இப்னு எஸ்ரா வியக்கிறார். விடையும் அவரே சொல்கிறார். துரத்தி வந்தவர்கள் நேற்றுவரை அவர்களுடைய எஜமானர்கள். சிறுவயதிலிருந்தே நுகத்தைச் சுமக்கப் பழகிய தலைமுறையின் உள்ளம் தாழ்ந்துபோயிருந்தது. எஜமானனை எதிர்த்துக் கை ஓங்குவது எப்படி? அடிமைத்தனத்தைக் காணாத, தலைநிமிர்ந்த இன்னொரு தலைமுறை எழும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ராம்பாமும் இதே தடத்தில் செல்கிறார். நேற்றுவரை களிமண் மிதித்துச் செங்கல் அறுத்தவன் இன்று கைகழுவிவிட்டு வந்து இராட்சதர்களோடு போரிட முடியாது. மனித இயல்பு அப்படித் திடீரென்று மாறாது. பாலையின் கடுமையில்தான் துணிவு வளரும். இந்த வாசிப்பில் நாற்பது ஆண்டுகள் தீர்ப்பு என்பதைவிட ஒரு சிகிச்சைக் காலமாகத் தெரிகின்றன. தன்ஹூமாவின் நோயுற்ற இளவரசனுக்கும் இவர்களுடைய அடிமை மக்களுக்கும் நெருங்கிய உறவு இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பெண்கள் அந்தத் தீர்ப்பில் அடங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாலையில் மடிந்தவர்களைப் பற்றி 26ஆம் அதிகாரத்தின் இறுதியில் வரும் வசனம் 'ஒரு ஆணும் மீதியாக இல்லை' என்கிறது. ஆண் என்று ஏன் குறிப்பாகச் சொல்லவேண்டும் என்று கேட்டு, பெண்கள் அந்த நாட்டை நேசித்தார்கள், ஆகவே அவர்கள்மேல் தீர்ப்பு விழவில்லை என்று மித்ராஷின் வழியே ராஷி விடை தருகிறார். ஒரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்குத் திரும்புவோம் என்று சொன்னவர்கள் ஆண்கள். எங்களுக்கும் நிலத்தில் பங்கு கொடுங்கள் என்று மோசேயின் முன் வந்து நின்று வழக்காடியவர்கள் செலோப்பியாத்தின் ஐந்து புதல்வியர். அவர்கள் கதை அடுத்த வசனத்திலேயே தொடங்குகிறது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கவனிப்பது இந்த உரைமரபின் அடிப்படைக் கருவிகளில் ஒன்று.

இந்த வாசிப்புகள் ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. வாரத்தின் நாட்களையும் உணவு மேசையையும்கூட அமைக்கின்றன. கடலைக் கடந்தபின் மக்கள் மூன்று நாள் தண்ணீரின்றி நடந்து மாராவை அடைந்தார்கள் என்கிறது யாத்திராகமம். இங்கே தண்ணீர் என்பது தோராவையே குறிக்கும் என்று எடுத்துக்கொண்ட தல்மூத், தோராவைக் கேட்காமல் மூன்று நாள் கழிந்ததால்தான் அவர்கள் சோர்ந்தார்கள் என்கிறது. எந்த யூதனும் இனி மூன்று நாள் அப்படி இருந்துவிடக் கூடாது என்பதற்காகத் திங்கள், வியாழன், சனி ஆகிய நாட்களில் தொழுகைக்கூடத்தில் தோராவை வாசிக்கும் வழக்கம் ஏற்பட்டது என்றும் சொல்கிறது. இன்றும் அந்த மூன்று நாட்களில் சுருள் திறக்கப்படுகிறது.

பாலைவனத்தில் வானத்திலிருந்து விழுந்த உணவான மன்னாவின் கதை இன்னும் நெருக்கமானது. வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு பங்கு விழுந்தது என்பதால், ஓய்வுநாள் உணவுக்கு யூதர்கள் இரண்டு முழு ரொட்டிகளை வைக்கிறார்கள். கீழே பலகையோ துணியோ, மேலே ஒரு துணி. மன்னா மேலும் கீழும் பனிக்கு நடுவே பெட்டியில் வைத்ததுபோல இருந்தது என்று தல்மூத் விவரிப்பதை நினைவுகூரும் ஏற்பாடாக இதை விளக்குவார்கள். மன்னா ஏன் தினந்தோறும் விழவேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக விழுந்திருக்கலாமே என்று ரபி ஷிமோன் பார் யோஹாயிடம் அவருடைய மாணவர்கள் கேட்டார்களாம். மீண்டும் ஓர் அரசன், மீண்டும் ஒரு மகன்: ஆண்டுக்கு ஒருமுறை படியளந்தபோது மகன் ஆண்டுக்கு ஒருமுறைதான் தகப்பனைப் பார்க்க வந்தான், அன்றாடம் அளக்கத் தொடங்கியதும் அன்றாடம் வந்தான். மன்னாவில் விரும்பிய சுவையெல்லாம் கிடைத்தது என்றும் ஒரு மரபு உண்டு. அப்படியானால் வெள்ளரி, கொம்மட்டி, கீரை, வெங்காயம், பூண்டு ஆகிய ஐந்துக்காக அவர்கள் ஏங்கி அழுதது எதற்கு? அந்த ஐந்தின் சுவை மட்டும் மன்னாவில் வரவில்லை, ஏனெனில் அவை பாலூட்டும் தாய்மாருக்கு ஆகாதவை என்று ராஷி பழைய மூலத்திலிருந்து காட்டுகிறார். குழந்தைக்காகப் பூண்டும் வெங்காயமும் சாப்பிடாதே என்று ஒரு பெண்ணிடம் சொல்வார்கள் அல்லவா என்று பக்கத்து வீட்டுப் பேச்சையும் சான்றாக வைக்கிறார். வானத்திலிருந்து விழும் உணவைப் பற்றிப் பேசும்போதும் பிள்ளைபெற்ற வீட்டுப் பத்தியம் இவருக்கு மறப்பதில்லை.

தண்ணீருக்கு மோசேயின் அக்கா மிரியாம். 'மிரியாம் அங்கே இறந்து அடக்கம் செய்யப்பட்டாள்' என்ற வசனத்தை அடுத்து, 'மக்களுக்குத் தண்ணீர் இல்லாதிருந்தது' என்று வருகிறது. பக்கத்தில் இருப்பதைக் கவனிப்பவர்கள் இதைத் தவறவிடுவார்களா? மன்னா மோசேயின் பொருட்டும், அவர்களை வழிநடத்திய மேகம் ஆரோனின் பொருட்டும், கிணறு மிரியாமின் பொருட்டும் கிடைத்தன என்று தல்மூத் பங்கிடுகிறது. அவள் போனதும் நீரும் போனது.

அந்தத் தாகம்தான் மோசேயை வீழ்த்திற்று. கன்மலையோடு பேசச் சொன்னார் கடவுள், மோசே கோலால் இருமுறை அடித்தார், தண்ணீர் பாய்ந்தது, நாட்டுக்குள் நுழையும் உரிமை பறிபோனது. நாற்பது ஆண்டுகள் சுமந்தவருக்கு இவ்வளவு கடுமையா, அவர் செய்த குற்றம்தான் என்ன? பேசாமல் அடித்ததே குற்றம் என்கிறார் ராஷி. காதும் வாயும் இல்லாத பாறையே பேச்சுக்குக் கீழ்ப்படிந்தது என்று மக்கள் கற்றிருப்பார்கள், அந்த வாய்ப்புக் கைநழுவிற்று. அடித்தது குற்றமில்லை, 'கலகக்காரரே, கேளுங்கள்' என்று சினந்து பேசியதே குற்றம் என்கிறார் ராம்பாம். இரண்டையும் ஏற்காத 13ஆம் நூற்றாண்டு ராம்பன், வேறோர் ஆசிரியரைத் தழுவி, 'உங்களுக்கு நாங்கள் தண்ணீர் புறப்படச் செய்வோமா' என்றதில் உள்ள 'நாங்கள்' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்: தண்ணீர் தருவது கடவுள் அல்ல, மோசேயும் ஆரோனும்தான் என்று மக்கள் எண்ண அது இடம் கொடுத்துவிட்டது. (ராம்பாம், ராம்பன் என்ற பெயர்கள் ஓர் எழுத்தில்தான் வேறுபடும்; புதியவர்கள் குழம்புவது இயல்பு.) 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் லுசாட்டோ இவ்விவாதத்தைப் பார்த்துச் சலித்துப்போய் எழுதியதன் சாரம் இது: மோசே செய்த பாவம் ஒன்று, உரையாசிரியர்கள் அவர்மேல் ஏற்றிய பாவங்களோ பதின்மூன்றுக்கும் மேல். உரைமரபு தன்னையே பார்த்துச் சிரித்துக்கொள்ளும் இத்தகைய இடங்கள் இல்லாவிட்டால் இதை இத்தனை காலம் வாசித்துக்கொண்டிருக்க முடியாது.

பாலையில் மடிந்த அந்தத் தலைமுறைக்கு வரப்போகும் உலகில் பங்கு உண்டா? இல்லை என்கிறார் ரபி அகிவா. உண்டு என்கிறார் ரபி எலியேசர். வேதாகமத்தின் சங்கீத நூலிலிருந்து வசனமும் காட்டுகிறார். மிஷ்னா இருவரையும் பதிவு செய்கிறது. வேவுகாரர் கதை முடிந்த அடுத்த அதிகாரத்தின் இறுதியில், ஆடையின் மூலைகளில் நீலநூல் சேர்த்த தொங்கல்களைக் கட்டிக்கொள்ளவேண்டும் என்ற கட்டளை வருகிறது. 'உங்கள் இருதயத்தையும் கண்களையும் பின்பற்றி அலையாதிருக்கும்படி' என்று அது சொல்லும்போது, வேவு பார்த்தலுக்கு வந்த அதே எபிரேய வினைச்சொல் வருகிறது. இருதயமும் கண்களும் உடலின் வேவுகாரர்கள் என்று ராஷி குறிப்பெழுதுகிறார். இந்தத் தொங்கல்களை வைத்துத் தல்மூத் ஒரு கதை சொல்கிறது. ரப்பா பார் பார் ஹானா என்ற பயணியான அறிஞரை ஓர் அராபிய வணிகன் பாலைக்குள் அழைத்துச் சென்று அந்தத் தலைமுறையின் உடல்களைக் காட்டினானாம். குடித்து மகிழ்ந்து மல்லாந்து கிடப்பவர்கள்போல இருந்தார்கள். ஒருவருடைய முழங்கால் மடங்கி உயர்ந்திருந்தது. ஈட்டியை நிமிர்த்திப் பிடித்தபடி ஒட்டகத்தின்மேல் அமர்ந்து அதன் அடியில் போனபோதும் ஈட்டிமுனை இடிக்கவில்லை. அறிஞர் ஒருவருடைய ஆடையின் நீலத் தொங்கல் ஒன்றை அறுத்து எடுத்துக்கொண்டார். உடனே அவர்களால் நகர முடியவில்லை. எதையாவது எடுத்தீரா, திருப்பி வைத்துவிடும், இவர்களிடமிருந்து எடுத்தவர்கள் நகரமுடியாது என்பது எங்கள் அறிவு என்றான் அராபியன். திருப்பி வைத்தபின் வழி விட்டது. ஊர் திரும்பி இதை மற்ற அறிஞர்களிடம் சொன்னபோது, வியப்பதற்குப் பதிலாக அவர்கள் அவரைக் கழுதை என்றும் மூடன் என்றும் திட்டினார்கள். தொங்கலில் எத்தனை இழை வேண்டும் என்பதில் ஷம்மாய் பள்ளிக்கும் ஹில்லேல் பள்ளிக்கும் தீராத வழக்கு இருந்தது. அதைத் தீர்க்கத்தானே அறுத்தாய்? அங்கேயே உட்கார்ந்து இழைகளையும் முடிச்சுகளையும் எண்ணிக்கொண்டு வந்திருக்கலாமே என்றார்கள்.